ஜார்ஜ் பிஸே: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கத்திய செவ்விசையில் அதிகப் பழக்கம் இல்லாதவர்கூட 'கார்மென்' ஓபராவின் ஒரு மெட்டையாவது எங்கேனும் கேட்டிருப்பார். அதை எழுதிய பிரெஞ்சு இசையமைப்பாளர் ஜார்ஜ் பிஸேயைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. நாம் இன்று கேட்பதில் எவ்வளவு பிஸே எழுதியது, எவ்வளவு அவர் இறந்த பிறகு மற்றவர்கள் சேர்த்ததும் மாற்றியதும் என்ற கேள்வி பல பதில்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். அவருடைய வரலாற்றை அதை விட்டுவிட்டுச் சொல்ல இயலாது.

பிஸே எந்தக் காலத்தவர்?

1838 அக்டோபர் 25 அன்று பாரிஸில் பிறந்து, 1875 ஜூன் 3 அன்று, 37 வயது நிறைவதற்கு முன்பே, பாரிஸுக்கு அருகில் உள்ள பூஜிவால் என்ற ஊரில் இறந்தார். பிரெஞ்சு இசையமைப்பாளர்களில், பெர்லியோஸுக்கு ஒரு தலைமுறை பிந்தியவர். டெபுஸிக்கு ஒரு தலைமுறை முந்தியவர். சேன்-சான்ஸும் மஸ்னேயும் அவருடைய சமகாலத்து நண்பர்கள். அந்த இருவரும் 20ஆம் நூற்றாண்டைக் கண்டார்கள். பிஸேயோ தம் புகழ்பெற்ற படைப்பு மேடையேறி மூன்று மாதம்கூட முழுமையாக உயிரோடு இருக்கவில்லை.

ஜார்ஜ் என்பது அவருடைய இயற்பெயர் அல்ல என்பது உண்மையா?

உண்மைதான். பிறப்புப் பதிவேட்டில் அலெக்சாந்தர் சேசார் லியோபோல்த் என்று மூன்று பேரரசர்களின் பெயர்களை நினைவூட்டும் பெயர் எழுதப்பட்டது. 1840 மார்ச்சில் ஞானஸ்நானத்தின்போது ஜார்ஜ் என்று பெயரிடப்பட்டது. வாழ்நாள் முழுவதும் அந்தப் பெயரே நிலைத்தது.

இசைக் குடும்பத்தில் பிறந்தவரா?

தந்தை அடோல்ஃப் பிஸே முதலில் முடிதிருத்துபவராகவும் பொய்முடி செய்பவராகவும் தொழில் பார்த்தவர். பிறகு பாட்டு ஆசிரியராக மாறினார். தாய் எமே தெல்சார்த் தேர்ந்த பியானோக் கலைஞர். தாய்மாமன் பிரான்சுவா தெல்சார்த் அந்நாளில் பெயர்பெற்ற பாடகர், பாடக் கற்பிக்கும் ஆசிரியர். வீட்டில் தந்தை மாணவர்களுக்குப் பாடம் நடத்தும்போது சிறுவன் கதவுக்கு வெளியே நின்று கேட்டே பாடல்களை மனப்பாடம் செய்துகொண்டான் என்பார்கள்.

பாரிஸ் இசைக் கல்லூரியில் சேர 10 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. பிஸே 1848 அக்டோபர் 9 அன்று, அந்த வயதுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே, சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஆறு மாதத்துக்குள் ஸ்வரப் பயிற்சியில் முதற்பரிசு வாங்கினார். மார்மொன்தெல் பியானோ கற்பித்தார். 'லா ஜுயீவ்' ஓபராவால் புகழ்பெற்ற ஃப்ரொமாந்தால் அலேவி இசையமைப்புக் கற்பித்தார். ஆனால் பிஸேயின் காதைப் பண்படுத்தியவர் இசையமைப்பாளர் சார்ல் குனோ என்றே சொல்ல வேண்டும். முதிய ஆசிரியர் ஸிமர்மனிடம் பிஸே தனியாகப் பாடம் கேட்டுவந்த நாட்களில், உடல்நலமில்லாத ஆசிரியருக்குப் பதிலாக அவருடைய மருமகன் குனோ சில வேளைகளில் பாடம் எடுத்தார். அப்போது ஏற்பட்ட பற்று, சற்றே மூச்சுமுட்டும் அளவுக்கு, பல ஆண்டுகள் நீடித்தது.

17 வயதில் எழுதிய சிம்பொனி 80 ஆண்டுகள் ஏன் ஒலிக்கவில்லை?

1855 அக்டோபர் இறுதியில், 17 வயது முடிந்த சில நாட்களிலேயே, பிஸே 'சி மேஜர்' சிம்பொனியை எழுதத் தொடங்கி ஒரு மாத அளவில் முடித்தார். அதே ஆண்டில் குனோவின் முதல் சிம்பொனியைப் பியானோவுக்கு மாற்றி எழுதும் வேலை அவர் கையில் இருந்தது. குனோவின் படைப்பையும் பிஸேயின் படைப்பையும் அடுத்தடுத்துக் கேட்பவருக்கு, மாணவன் ஆசிரியரின் வரைபடத்தை மேசையில் விரித்துவைத்துக்கொண்டு வீடு கட்டியிருக்கிறான் என்பது விளங்கும். இந்த ஒற்றுமை தமக்குப் பழியாகும் என்று அஞ்சியே பிஸே அதை மறைத்துவைத்தார் என்று ஒரு விளக்கம் உண்டு. வெறும் மாணவப் பயிற்சியாகவே அதைக் கருதினார் என்றும் சொல்வதுண்டு. எப்படியானாலும் அவர் காலத்தில் அது அரங்கேறவில்லை. அவருடைய மனைவி வழியாக ரெனால்தோ ஆன் என்ற இசையமைப்பாளரின் கைக்கு வந்து, பின்னர் பாரிஸ் இசைக் கல்லூரியின் நூலகத்தில் தூங்கிய அந்தக் கையெழுத்துப் பிரதி 1933இல் கண்டெடுக்கப்பட்டது. 1935 பிப்ரவரி 26 அன்று பாசெல் நகரில் ஃபெலிக்ஸ் வைன்கார்ட்னர் நடத்திய நிகழ்ச்சியில் முதன்முறையாக ஒலித்தது.

ஆசிரியரைப் பார்த்து எழுதியது என்பதற்காக அதைத் தள்ளிவிட முடியாது. இரண்டாம் பகுதியில் ஓபோ தொடங்கும் நீண்ட மெட்டு குனோவிடம் இல்லாதது. கீழ்த்திசைச் சாயலோடு வளைந்து இறங்கும் அந்த மெட்டு, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிஸே எழுதவிருந்த இலங்கைக் கதையான 'முத்துக்குளிப்போர்' ஓபராவுக்கு முன்கூட்டியே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. 1947இல் ஜார்ஜ் பாலன்சின் இந்த சிம்பொனிக்கு பாலே அமைத்த பிறகு, உலகம் முழுவதும் அது நடன அரங்குகளின் சொத்தாகிவிட்டது.

'ரோம் பரிசு' என்பது என்ன? அது அவருக்கு எந்த வகையில் உதவியது?

பிரெஞ்சு அரசு ஆண்டுதோறும் இளம் கலைஞர்களுக்கு நடத்திய போட்டி அது. வென்றவருக்கு ஐந்தாண்டு உதவித்தொகை கிடைக்கும். அதில் முதல் ஆண்டுகளை ரோம் நகரின் வில்லா மெடிச்சியில் கழிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு படைப்பைப் பாரிஸுக்கு அனுப்ப வேண்டும். பிஸே 1857இல் வென்றார். அதே ஆண்டு, ஒஃபன்பாக் நடத்திய சிற்றோபராப் போட்டியிலும் 'மருத்துவர் மிராக்கிள்' என்ற படைப்புக்காக சார்ல் லெகோக்குடன் முதற்பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1858 தொடக்கத்திலிருந்து 1860 கோடைவரை ரோமில் இருந்தார். அவர் வாழ்நாளில் கவலை இல்லாமல் கழிந்த காலம் அதுவே என்று கடிதங்களைப் படிப்பவருக்குத் தோன்றும். மூன்றாம் ஆண்டில் ஜெர்மனிக்குப் போக வேண்டிய விதி இருந்தும், ரோமிலேயே தங்க அனுமதி வாங்கினார். அங்கிருந்து முதலில் அனுப்பியிருக்க வேண்டியது ஒரு தேவாலயப் பூசை இசை. அவர் அனுப்பியதோ 'டான் ப்ரொகோப்பியோ' என்ற இத்தாலிய நகைச்சுவை ஓபரா. பரிசை வழங்கிய கலைக் கழகத்தார் முகம் சுளிக்காமல் பாராட்டினார்கள். எனினும் அந்த ஓபரா 1906இல்தான், மோன்டே கார்லோவில், மேடையேறியது.

ரோம் பரிசு வாங்கியவர் பாரிஸ் திரும்பியதும் அரங்குகள் வாசலைத் திறந்துவைத்துக் காத்திருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். புதியவரின் ஓபராவுக்குப் பணம் போட எந்த அரங்கும் விரும்பவில்லை. பழைய வெற்றிப் படைப்புகளே சீட்டு விற்றன.

இவ்வளவு நன்றாகப் பியானோ வாசித்தவர் ஏன் பியானோக் கலைஞர் ஆகவில்லை?

1861 மே மாதம் அலேவியின் வீட்டு விருந்தில், பியானோ மேதை ஃப்ரான்ஸ் லிஸ்ட் தம் புதிய படைப்பு ஒன்றை வாசித்துவிட்டு, இதை வாசிக்கக்கூடியவர்கள் தாமும் ஹான்ஸ் ஃபான் ப்யூலோவும் மட்டுமே என்றாராம். அலேவி தூண்ட, பிஸே பியானோவில் அமர்ந்து, அதன் ஒரு கடினமான பகுதியை நினைவிலிருந்தே வாசித்துக் காட்டினார். லிஸ்ட் பிரதியை எடுத்து முன்னே வைத்ததும் முழுவதையும் பிழையின்றி வாசித்தார். நாங்கள் இருவர் என்று நினைத்திருந்தேன், மூவர் இருக்கிறோம் என்ற பொருளில் லிஸ்ட் பாராட்டியதாகக் கதை வழங்குகிறது.

ஆனாலும் பிஸே பொதுமேடையில் அரிதாகவே வாசித்தார். ஒருமுறை பியானோக் கலைஞர் என்று முத்திரை குத்தப்பட்டால் ஓபரா அரங்கு தம்மை ஏறெடுத்துப் பார்க்காது என்று அவர் கருதினார். அன்றைய பிரான்ஸில் இசையமைப்பாளன் ஒருவன் பெயரும் பொருளும் பெற ஓபராவே வழி என்பதால் அந்தக் கணக்கைத் தவறென்று சொல்ல முடியாது.

'முத்துக்குளிப்போர்' ஓபரா உண்மையிலேயே இலங்கையைப் பற்றியதா?

கதை நடக்கும் இடம் இலங்கைக் கடற்கரை என்றுதான் பிரதியில் இருக்கிறது. முதலில் கதைக்களம் மெக்சிகோவாக இருந்து, பிறகு இலங்கைக்கு மாற்றப்பட்டது என்பதை அறிந்தால், இலங்கை எவ்வளவு ஆழமாக அதில் இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வாய்ப்பு வந்த வழி இது: தியேத்ர் லிரிக் அரங்கின் இயக்குநர் லெயோன் கார்வாலோவுக்கு, ரோம் பரிசு வென்றவர்களின் ஓபராக்களை மேடையேற்றும் நிபந்தனையோடு ஆண்டுக்கு 1,00,000 பிராங்க் மானியம் கிடைத்தது. 1863 ஏப்ரலில் அவர் பிஸேயை அழைத்தார். யூஜேன் கோர்மோனும் மிஷேல் காரேயும் பாடல் வசனம் எழுத, செப்டம்பர் 30 அன்று ஓபரா அரங்கேறியது. இவ்வளவு குறுகிய காலத்தில் எழுதி முடித்தபோது பிஸேக்கு 25 வயதுகூட நிறையவில்லை. 18 முறை நடந்தது. அவர் உயிரோடு இருந்தவரை மீண்டும் நடக்கவில்லை. பத்திரிகையாளர்களில் மனம் திறந்து பாராட்டியவர் பெர்லியோஸ். விமர்சகராக அவர் எழுதிய கடைசிக் கட்டுரையும் அதுவே.

கதை எளியது. முத்துக்குளிப்போரின் தலைவன் ஸுர்காவும் நண்பன் நாதிரும் முன்னொரு நாள் கண்டிக் கோயிலில் ஒரே பெண்ணைக் கண்டு மயங்கியவர்கள். நட்புக்காக அவளை மறந்துவிடுவதாக உறுதி செய்துகொண்டவர்கள். குளிப்புக் காலத்தில் கடலின் தீய சக்திகளை விரட்ட, முகத்திரை அணிந்த கன்னிப் பூசாரிணி ஒருத்தி பாறைமேல் நின்று பாட வருகிறாள். அவள்தான் அந்தப் பெண், லெயிலா. நாதிர் குரலை வைத்தே அடையாளம் கண்டுகொள்கிறான்.

மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களைப் பற்றி அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் சிரிப்பதற்கு நிறையவே உண்டு. அரிப்பு, சிலாவத்துறைக் கரைகளில் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்தபோது கடலில் இறங்கியவர்களில் பெரும்பகுதி இரு கரைகளையும் சேர்ந்த தமிழ் பேசும் கத்தோலிக்கப் பரதவரும் முஸ்லிம்களும். ஓபராவிலோ எல்லோரும் ஒரே குரலில் பிரம்மாவை அழைக்கிறார்கள். பெயர்களோ நாதிர், லெயிலா, நூராபாத். பிரம்மனை வேண்டிக்கொண்டு வலை வீசியவரையோ முத்துக்குளித்தவரையோ நம் கரைகளில் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

ஆனால் ஒரு வியப்பு உண்டு. கதையின் மிகக் கற்பனையான பகுதிபோலத் தோன்றும் அந்தப் பாறைப் பாட்டுக்கு நெருங்கிய ஒரு வழக்கம் மன்னார்க் கரையில் உண்மையாகவே இருந்தது. சுறா வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' என்ற மந்திரக்காரர் கரையில் இருந்து மந்திரம் ஓதாவிட்டால் குளிப்பவர்கள் கடலில் இறங்க மறுத்தார்கள். ஆங்கிலேய அரசும் வேறு வழியின்றி அவருக்குக் கூலி கொடுத்துவந்தது. கடல்கட்டி அழகிய இளம்பெண் அல்லர், பரம்பரை உரிமை பெற்ற ஆண் என்பது மட்டுமே வேறுபாடு. பாரிஸ் எழுத்தாளர்களின் கதைக்கு இது தூண்டுதல் என்று சொல்ல வரவில்லை. இரண்டையும் அருகில் வைத்துப் பார்க்கும் வசதி தமிழ் வாசகருக்கு உண்டு என்பதே செய்தி.

'முத்துக்குளிப்போர்' ஓபராவின் புகழ்பெற்ற இருவர் பாட்டு பிஸே எழுதியபடியே பாடப்படுகிறதா?

பெரும்பாலும் இல்லை. நாதிர், ஸுர்கா இருவரும் கோயிலில் கண்ட காட்சியை நினைவுகூரும் அந்தப் பாட்டில், யாழ்வகைக் கருவியான ஹார்ப்பின் மீது புல்லாங்குழல் மெட்டைத் தொடங்க, உயர்ந்த ஆண்குரலான டெனரும் இடைநிலை ஆண்குரலான பாரிடோனும் ஒன்றையொன்று தொட்டு ஏறுகின்றன. இன்று வானொலியில் கேட்கும் வடிவில், முடிவில் அதே பெரிய மெட்டு முழு வலிமையோடு திரும்ப வந்து நிறைவு பெறும். 1863இல் பிஸே எழுதிய வடிவில் அது திரும்ப வராது. நண்பர்கள் நட்பை உறுதிசெய்யும் வேகமான வேறொரு பகுதியோடு பாட்டு முடியும். ஓபராவின் இறுதிக் காட்சியும் இவ்வாறே பிற்காலப் பதிப்புகளில் பலவாறு மாற்றப்பட்டது. 1886இல் மிலானின் லா ஸ்காலாவில் இத்தாலிய மொழியில் நடந்த பிறகுதான் இந்த ஓபரா உயிர்பெற்றது; அந்த உயிரோடு சேர்த்து, பதிப்பகத்தாரின் கைவேலையும் ஒட்டிக்கொண்டது. பிஸேயின் முழு இசைப்பிரதி கிடைக்காததால், அன்றைய பியானோப் பதிப்பையும் நடத்துநர் பயன்படுத்திய பிரதியையும் துணையாகக் கொண்டு அறிஞர்கள் மூலவடிவத்தை மீட்டெடுக்க நேர்ந்தது.

ஒரு நேர்மையான ஒப்புதல்: நாடகப் பொருத்தம் கருதினால் பிஸேயின் வடிவமே சரி, ஆனால் காது கேட்பது என்னவோ அந்த மெட்டு திரும்ப வர வேண்டும் என்றுதான்.

பிழைப்புக்கு என்ன செய்தார்?

மாணவர்களுக்குப் பாடம் சொன்னார். பிறருடைய ஓபராக்களைப் பியானோவுக்கு மாற்றி எழுதினார். பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்தினார். ஒத்திகைகளில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்தார். நாளுக்கு 15, 16 மணி நேரம் உழைப்பதாக நண்பர்களுக்கு எழுதினார். இதற்கு இடையில்தான் சொந்தப் படைப்பு. 'இவான் 4' என்ற பெரிய ஓபரா அவர் காலத்தில் எந்த அரங்கிலும் ஏறவில்லை. 'பெர்த் நகரத்து அழகி' 1867 டிசம்பர் 26 அன்று அரங்கேறி, மறுபடியும் 18 காட்சிகளோடு நின்றது. 'ஜமீலே' என்ற ஒரே அங்க ஓபரா 1872இல் பத்துப் பன்னிரண்டு காட்சிகளைத் தாண்டவில்லை. 'டான் ரொட்ரிக்' என்ற இன்னொன்றைப் பாரிஸ் ஓபராவுக்காக எழுதிக்கொண்டிருந்தபோது, 1873 அக்டோபரில் அந்த அரங்கமே தீப்பற்றி எரிந்துபோனது.

குடும்ப வாழ்க்கை எப்படி இருந்தது?

மறைந்த ஆசிரியர் அலேவியின் மகள் ஜெனெவியேவை 1869 ஜூன் 3 அன்று மணந்தார். பெண் வீட்டார் முதலில் எதிர்த்தார்கள். மாமியாரின் மனநோய் இரு வீட்டையும் அலைக்கழித்தது. 1872 ஜூலையில் மகன் ழாக் பிறந்தான். அதற்குப் பத்து ஆண்டு முன்பே, பெற்றோர் வீட்டுப் பணிப்பெண் மாரி ரைட்டருக்கு ழான் என்ற மகனும் பிறந்திருந்தான். தன் தந்தை அடோல்ஃப் என்றே அவன் நம்பி வளர்ந்தான். உண்மைத் தந்தை ஜார்ஜ் என்பதை 1913இல் தாய் மரணப்படுக்கையில்தான் சொன்னாள்.

ஜெனெவியேவ் கணவர் இறந்த பின் வழக்கறிஞர் எமில் ஸ்த்ராவுஸை மணந்து, பாரிஸின் புகழ்பெற்ற விருந்துக்கூடம் ஒன்றை நடத்தினார். மகன் ழாக்கின் பள்ளித் தோழனும் பிற்காலத்தில் பெரும் நாவலாசிரியருமான மார்செல் ப்ரூஸ்த் அங்கே அடிக்கடி வந்தவர்.

1870 போரின்போது என்ன செய்தார்?

பிரஷியாவோடு போர் மூண்டதும் தேசியக் காவற்படையில் சேர்ந்தார். கொடுக்கப்பட்ட துப்பாக்கிகள் எதிரியைவிடச் சுடுபவருக்கே ஆபத்தானவை என்று குறைபட்டார். முற்றுகைக் காலம் முழுவதும் பாரிஸிலேயே இருந்தார். 1871இல் கம்யூன் என்ற பாரிஸ் மக்கள் எழுச்சி வந்தபோது மனைவியோடு நகரை விட்டு வெளியேறினார். அந்த ஆண்டின் கடைசியில் எழுதிய 'குழந்தை விளையாட்டுகள்' என்ற, நான்கு கைகளால் வாசிக்கும் 12 பியானோத் துண்டுகளில் போரின் நிழல் சிறிதும் இல்லை. பம்பரம், ஊஞ்சல், சோப்புக் குமிழி, கண்ணாமூச்சி என்று அவை போகின்றன.

'ஆர்லியப் பெண்' எப்படிப்பட்ட படைப்பு?

ஓபரா அல்ல, அல்ஃபோன்ஸ் தோதேயின் நாடகத்துக்கான பின்னணி இசை. 1872 அக்டோபர் 1 அன்று வோதவில் அரங்கில் நாடகம் தொடங்கியது. அரங்கால் 26 வாத்தியக்காரர்களுக்கு மேல் சம்பளம் கொடுக்க முடியவில்லை. பிஸே அந்த நெருக்கடியையே அழகாக்கினார்: அன்று புதுக் கருவியான சாக்சஃபோனைச் சேர்த்து, பேச்சறிவு முதிராத ஒரு சிறுவனின் உள்ளத்தை அதன் குரலால் சொல்ல வைத்தார். பார்வையாளர்கள் இசை ஒலிக்கும்போது அரட்டை அடித்தார்கள்; நாடகம் விரைவில் நின்றது. பிஸே சளைக்காமல் நான்கு பகுதிகளை ஒரு தொகுப்பாகப் பெரிய இசைக்குழுவுக்கு மாற்றி எழுத, நவம்பர் 10 அன்று கச்சேரியில் அதே இசை பெரு வெற்றி பெற்றது.

இரண்டாம் தொகுப்பு என்று இன்று வாசிக்கப்படுவது பிஸே இறந்த பிறகு, 1879இல், நண்பர் எர்னெஸ்ட் கிரோ தொகுத்தது. அதில் புல்லாங்குழலும் ஹார்ப்பும் வாசிக்கும் மினுவெட் என்ற நடன இசையைக் கேட்டு 'ஆர்லியப் பெண்' என்று உருகாதவர் இல்லை. அந்த மினுவெட் 'ஆர்லியப் பெண்' இசையிலேயே கிடையாது. 'பெர்த் நகரத்து அழகி' ஓபராவிலிருந்து கிரோ எடுத்து வைத்தது.

'கார்மென்' ஏன் அவ்வளவு எதிர்ப்பைச் சந்தித்தது?

இடம் அப்படி. ஓபேரா-கொமிக் அரங்கு நடுத்தரக் குடும்பங்களின் அரங்கு. மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் சந்திக்க இரவுதோறும் ஐந்தாறு பெட்டி இருக்கைகள் பதிவாகும் இடம். அங்கே புகைக்கும், கத்தி எடுக்கும், விரும்பியவனை விரும்பும்வரை மட்டுமே விரும்பும் ஒரு சுருட்டுத் தொழிற்சாலைப் பெண், கடைசிக் காட்சியில் மேடையிலேயே காதலனால் குத்திக் கொல்லப்படுவதை எப்படிக் காட்டுவது என்று இணை இயக்குநர் த லோவன் பதறினார். 1874இல் அவர் பதவி விலகியதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரெஞ்சு எழுத்தாளர் மெரிமேயின் குறுநாவலை ஆன்ரி மேலாக்கும் லுதோவிக் அலேவியும் மேடைக்கு எழுதினார்கள். 1874 அக்டோபரில் ஒத்திகை தொடங்கியதும் குறைகள் குவிந்தன. இசைக்குழுவினர் சில இடங்களை வாசிக்கவே முடியாது என்றார்கள். வரிசையாக நின்று நடத்துநரைப் பார்த்துப் பாடியே பழகிய கூட்டுப்பாடகியரை, சிகரெட் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வரவும் சண்டை போடவும் சொன்னதில் அவர்களுக்கு ஆத்திரம். நிர்வாகமும் முடிவை மென்மையாக்கச் சொல்லி வற்புறுத்தியது. கார்மெனாக நடித்த செலெஸ்தின் கல்லி-மாரியே பிஸேயின் பக்கம் உறுதியாக நின்று அதைத் தடுத்தார்.

'ஹபனேரா' பிஸேயின் சொந்த மெட்டா?

இல்லை. கார்மென் முதலில் தோன்றும்போது பாட பிஸே எழுதியிருந்த பாட்டு கல்லி-மாரியேவுக்குப் பிடிக்கவில்லை. பலமுறை திருத்தி எழுதிய பிறகு, ஸ்பானிய நாட்டுப்பாடல் என்று எண்ணிய ஒரு மெட்டை எடுத்தாண்டார். அது 1865இல் காலமான செபாஸ்தியான் இராதியேர் இயற்றிய பாட்டு என்று பின்னர் தெரிந்ததும், பதிப்பில் அதைக் குறிப்பிட்டார்.

இருந்தும் அதைத் திருட்டு என்பது பொருந்தாது. அரைச்சுரம் அரைச்சுரமாக மெட்டு நழுவி இறங்கும் வேளையில், கீழே செல்லோக்கள் ஒரே தாளக்கட்டை, கொஞ்சமும் விட்டுக்கொடுக்காமல், தொடக்கம் முதல் முடிவுவரை மீட்டுகின்றன. மேலே வழுக்கல், கீழே பிடிவாதம். அந்தப் பெண்ணின் குணம் அந்த ஒரு பக்கத்திலேயே வந்துவிடுகிறது. பாட்டு வரிகளிலும் ஒரு பகுதி பிஸேயே எழுதியது. ஸ்பெயினுக்கு அவர் ஒருமுறையும் போனதில்லை.

முதல் காட்சி படுதோல்வி என்று சொல்வது சரியா?

மிகைப்படுத்திய கூற்று. 1875 மார்ச் 3 அன்று, முதல் அங்கத்துக்கு நல்ல வரவேற்பு இருந்தது. இரண்டாம் அங்கத்தில் காளைச்சண்டை வீரனின் பாட்டுக்குக் கைதட்டல் எழுந்தது. மூன்றாவதில் தணிந்து, நான்காவதில் அரங்கு உறைந்துபோனது. மறுநாள் பத்திரிகைகளில் சில, கார்மெனை ஒழுக்கக்கேட்டின் உருவமாகவும், இசையை ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரைப் பின்பற்றிய மெட்டில்லாத இசையாகவும் எழுதின. மெட்டு இல்லை என்ற குற்றச்சாட்டை இன்று படிக்கும்போது, அந்த விமர்சகர்கள் வேறு அரங்குக்குப் போய்விட்டார்களோ என்று தோன்றும்.

ஆயினும் முதற்சுற்றில் 48 காட்சிகள் நடந்தன. பிஸேயின் முந்தைய ஓபராக்களோடு ஒப்பிட்டால் அது இரண்டரை மடங்குக்கும் மேல். கடைசிக் காட்சிகளில் இருக்கைகள் பல காலியாக இருந்தன என்பதும் மெய்யே.

தோல்வியால் மனம் உடைந்து இறந்தாரா?

கதையாகச் சொல்ல வசதியானது. சான்றுகள் வேறு சொல்கின்றன. சிறு வயதிலிருந்தே தொண்டையில் சீழ்க்கட்டி வந்து படுத்துவது அவருக்கு வழக்கம். 1875 மார்ச் இறுதியில் அந்த நோய் மீண்டும் வந்தது. மே மாத இறுதியில் பூஜிவாலுக்குப் போனவர், சற்றுத் தேறியதும் சேன் ஆற்றில் நீந்தினார். மறுநாள் கடும் காய்ச்சலும் வலியும், அடுத்து மாரடைப்பு. தேறுவதாகத் தோன்றிய நிலையில் இரண்டாவது முறை மாரடைப்பு வந்து, ஜூன் 3 அதிகாலையில் உயிர் பிரிந்தது. அன்று அவருடைய ஆறாவது திருமண நாள். கார்மென் 33ஆம் முறை மேடையேறியிருந்தது. ஜூன் 5 அன்று பாரிஸின் திரித்துவத் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு 4,000 பேருக்கு மேல் வந்தார்கள். குனோ இரங்கலுரை ஆற்றினார். உடல் பேர் லஷேஸ் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

மனத்தளர்ச்சி இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் இறப்பதற்கு முந்திய நாள்தான் வியன்னா அரங்கில் 'கார்மென்' நடத்த ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. பல ஆண்டு கூலி வேலையில் தேய்ந்த உடம்பையும் தீராத தொண்டை நோயையும் விட்டுவிட்டுப் பத்திரிகை விமர்சனங்களின் மீது பழி போடுவது அவர்களுக்கே அளவுக்கு மீறிய மரியாதை.

பிறகு 'கார்மென்' எப்படி உலகை வென்றது?

வியன்னாவில் தொடங்கியது வெற்றி. 1875 அக்டோபர் 23 அன்று அங்கே அரங்கேறியதை பிராம்ஸ் 20 முறையாவது பார்த்தாராம். பத்தாண்டுக்குள் உலகில் அதிகம் விரும்பப்படும் ஓபரா இதுவாக இருக்கும் என்று 1880இல் சைகோவ்ஸ்கி எழுதினார். வாக்னரோடு முறித்துக்கொண்ட ஜெர்மன் தத்துவஞானி நீட்சே, அவருக்கு மாற்றாகப் பிஸேயை உயர்த்திப் பிடித்தார். 1888இல் வெளிவந்த நூலை, பிஸேயின் தலைசிறந்த படைப்பை 20ஆம் முறையாகக் கேட்டேன் என்றே தொடங்குகிறார். 'கார்மென்' பாரிஸுக்கு 1883இல்தான் திரும்பியது. அதே ஓபேரா-கொமிக்கில் 1904 டிசம்பரில் 1,000ஆவது காட்சி நடந்தது.

வியன்னாவுக்குப் போனது பிஸேயின் வடிவம் அன்று. மூலத்தில் பாட்டுகளுக்கு இடையே பேச்சு வசனம் இருந்தது. அந்த இடங்களைக் கிரோ இசையோடு கூடிய உரைப்பாட்டாக மாற்றினார். நூற்றாண்டின் பெரும்பகுதி உலகம் கேட்டது அந்த வடிவத்தையே. வசனம் போனபோது, கார்மெனைக் கொல்லும் காதலன் ஜோஸே ஊரில் ஏற்கெனவே ஒருவனைத் தாக்கிவிட்டு ஓடிவந்து படையில் சேர்ந்தவன் என்ற செய்தியும் அதோடு போயிற்று. அதனால்தான் பழைய பதிவுகளில் அவன் கார்மெனால் கெட்டுப்போன அப்பாவியாகத் தெரிகிறான். கிரோவைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவர் அதைச் செய்திராவிட்டால் பேச்சு வசனத்தை ஏற்காத பெரிய அரங்குகள் எதுவும் கார்மெனை நடத்தியிராது.

புதிதாகக் கேட்பவர் எங்கே தொடங்கலாம்?

சிம்பொனியின் இரண்டாம் பகுதியில் தொடங்கலாம்; பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பிறகு 'முத்துக்குளிப்போர்' முதல் அங்கத்தில் நாதிர் தனியாகப் பாடும் பாட்டைக் கேட்கலாம். குரல் ஏறக்குறைய மூச்சாகவே மாறும் இடம் அது. 'ஆர்லியப் பெண்' முதல் தொகுப்பு பிஸேயின் கையாலேயே ஆனது என்பதால் இரண்டாவதற்கு முன் அதை எடுப்பது நல்லது. 'கார்மென்' கேட்க வரும்போது, பேச்சு வசனத்தோடு கூடிய பதிவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் மொழிபெயர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்; நான்காம் அங்கத்தில் மேடைக்கு வெளியே காளைச்சண்டைக் கூட்டம் ஆரவாரிக்கும்போது, மேடையில் இருவர் மட்டும் நிற்கும் அந்தக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு அது தேவைப்படும்.